கன்பர்மேஷன் தேதி

சேசு மரி சூசை துணை

சித்தூர்
14 ஜூலை 2025

சிஸ்டர் சபீனா அவர்களுக்கு,

உன் அக்கா தனபாக்கியம் எழுதுவது. தோஸ்திரம். ஏழு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். முதலில் பிள்ளைகள் சமாசாரம்.

பெரிய பேரன் அஷ்வினுக்கு ஸ்ரீசிட்டியில் சூப்பர்வைசர் வேலை ஆகிவிட்டது. அவனுக்குக் கீழே நாற்பத்திரண்டு பேர். கம்பெனி பஸ் அவனுக்காக மூன்று நிமிஷம் நிற்குமாம். என் மகள் வயிற்றுப் பேத்தி கௌசிகா நர்சிங் முடித்து உங்கள் திருப்பதியிலேயே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். முதல் ஊசி போட்டது ஒரு தாசில்தாருக்கு. அவர் கத்தவில்லை என்று போனில் சொல்லிச் சிரித்தாள். அவள் தங்கை ஹரிப்ரியா பத்தாவதில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று. தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைக்குத் தெலுங்கில் தொண்ணூற்றெட்டு. ப்ளஸ் டூ இங்கே என்னோடு இருந்துதான் படிக்கிறாள். மார்க் ஷீட்டை யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை, நானே படித்தேன். அஞ்சாங்கிளாஸ் என்றாலும் சாமியார் பள்ளிக்கூடத்து அஞ்சாங்கிளாஸ்.

இப்போது அருள்குமார். அஷ்வினுக்கு அடுத்தவன், என் கையில் வளர்ந்தவன். திருப்பதியில் வீடு வீடாகத் தண்ணீர் பில்டர் மாட்டுகிற வேலையில் இருந்தான், உனக்குத் தெரியும். கூடப்போனவன் செய்த காரியத்தில் மாட்டிக்கொண்டான். கேஸ் முடிந்துவிட்டது, ஆயுள் என்று அவன் அப்பன், என் மகன் சூசைராஜ் சொன்னான். ஆயுள் என்றால் பதினாலு வருஷம். நாற்பது வயதுக்குள் வந்துவிடுவான்.

நல்ல சமாசாரம் இனிமேல்தான். போன வாரம் வக்கீல் வரதராஜன் போன் செய்தார். சூசைராஜ் உள் ரூமில் பேசினான். கதவு சந்தில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "கன்பர்மேஷன் கோசம் பம்பிஞ்சாரு, டேட் வஸ்துந்தி." கன்பர்மேஷனுக்கு அனுப்பிவிட்டார்கள், தேதி வரும் என்று. நான் அப்படியே முழங்கால் போட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். அவனுக்குப் பதிமூன்று வயதில் இப்போது உறுதிபூசுதல் என்கிறார்களே, அந்தக் கன்பர்மேஷன் வைத்த அன்றைக்கு, எண்ணெய் பூச வந்த பிஷப் ஆண்டவர் கன்னத்தில் அறைவார் என்று பயந்து கோயில் தண்ணீர் டேங்க் மேல் ஏறிக்கொண்டான். ஆண்டவர் கார் போன பிறகுதான் இறங்கினான். அறைவார் என்று சொன்னவள் நான்தான். நமக்கு அறைந்தார்களே. அந்தப் பிள்ளைக்கு ஜெயிலுக்குள் சாமி மனசை மாற்றியிருக்கிறார். ஆண்டவரே உள்ளே போய்ப் பூசுவாரா, இல்லை கோயிலுக்கு அழைத்து வருவார்களா, உனக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் ஜெயிலுக்குப் போகிற சிஸ்டர்கள் ஆயிற்றே.

இந்த நல்ல சமாசாரத்தை வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. டிவி ஆறு வாரமாக ரிப்பேர். பேப்பர் நின்றுவிட்டது. பால்காரம்மா பாலைக் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறாள். எனக்கு ஏதோ மாதிரி இருக்கிறது, சபீனா. நீயாவது விவரமாக எழுது. கன்பர்மேஷன் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு எடுத்த போட்டோ ஒன்று அனுப்பு.

தனபாக்கியம்


திருப்பதி
19 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் மேசை மேல் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காது முழுதும் போய்விட்டது. போன் வைத்துப் பேச முடியாது. பஸ் ஏறி வந்து உன் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று இரண்டு முறை கிளம்பினேன். இரண்டு முறையும் கான்வென்ட் கேட்டோடு திரும்பிவிட்டேன். ஆகவே எழுதுகிறேன். உட்கார்ந்து படி. ஹரிப்ரியா பள்ளியிலிருந்து வந்த பிறகு படி.

அக்கா, அது நம்முடைய கன்பர்மேஷன் இல்லை. ஆண்டவர் யாரும் வரவில்லை.

அருளுக்குக் கிடைத்தது ஆயுள் இல்லை. ஜூன் முதல் வாரத்தில் கோர்ட் அவனுக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது. நான் பேப்பரில் படித்தேன். கீழ்க்கோர்ட் தூக்கு என்று எழுதினால் மட்டும் போதாது. ஹைகோர்ட் அதைப் பார்த்துச் சரி என்று உறுதி செய்தால்தான் நிறைவேற்றலாம். அந்த உறுதியைத்தான் வக்கீல்கள் கன்பர்மேஷன் என்கிறார்கள். அதற்குத்தான் காகிதங்களை அனுப்பியிருக்கிறார்கள். அந்த விசாரணைக்குத்தான் தேதி வரும்.

ஹைகோர்ட் மாற்றவும் செய்யலாம். பல பேருக்கு மாற்றியிருக்கிறார்கள். இதை ஆறுதலுக்காக எழுதவில்லை, உண்மை என்பதால் எழுதுகிறேன்.

வீட்டில் மறைத்தவர்கள் மேல் கோபப்படாதே. நானும் ஆறு வாரம் மறைத்தவள்தான்.

உன் தங்கை
சபீனா


சித்தூர்
23 ஜூலை

பாப்பாவுக்கு,

இன்றைக்கு சிஸ்டர் என்று எழுதக் கை வரவில்லை.

ஹரிப்ரியா வரும்வரை காத்திருக்கச் சொன்னாய். காத்திருக்கவில்லை. படித்துவிட்டு சூசைராஜ் வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். வந்தான்.

"டேய், டிவிக்கு இன்னாடா ரிப்பேர்?"

"கேபிள்காரன் வரணும்மா."

"கேபிள்காரன் வந்தா என் பேரன் மூஞ்சி அதுல வருமா?"

செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். "ஆமாம்மா. தூக்குதான். உன்கிட்ட எப்படிம்மா சொல்லுவேன், நீ துன்ற சோறும் துன்னாம பூடுவியே" என்று சொல்லிக் குழந்தை மாதிரி அழுதான். அவன் நைனா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வருகிறது. கொல்லையில் துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றை அவிழ்த்துவிட்டேன். துணி எல்லாம் மதில்மேல் காய்கிறது. மருமகள் பார்த்துவிட்டுத் துணி பறக்காமல் கல் எடுத்து வைத்தாள். கிணற்றுக் கயிறு, பூக்கட்டுகிற நார், ஹரிப்ரியா பள்ளிக்கூடத்து அடையாள அட்டை மாட்டுகிற நாடா, எல்லாம் கண்ணில் வந்து குத்துகிறது. அவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் நானே கழற்றி எடுத்துவிடுகிறேன். போஸ்ட்மேன் மணி அடித்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். தேதி வரும், தேதி வரும் என்று நான் சந்தோஷப்பட்டேனே பாப்பா. முழங்கால் போட்டேனே. எதற்கு நன்றி சொன்னேன்? சாமி அதைக் காதில் வாங்கியிருந்தால்?

ஒரு உதவி. 2018ல் நீ ஒரு தாள் அனுப்பினாய். தூக்கு தப்பு என்று போப்பாண்டவர் ஞானோபதேசப் புத்தகத்தையே மாற்றி எழுதிவிட்டார் என்று. நான் அதன் முதுகிலேயே "வேதம் என்ன பஸ் டைமா, மாறுவதற்கு?" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அதை இப்போது அனுப்பு. நாலு பிரதி எடுத்து அனுப்பு. வக்கீலுக்கு ஒன்று, ஹைகோர்ட்டு ஜட்ஜுக்கு ஒன்று, ஜெயில் சூப்பிரண்டுக்கு ஒன்று. எனக்கு ஒன்று.

சீக்கிரம்.

அக்கா


திருப்பதி
28 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ திருப்பி அனுப்பிய அதே தாள்தான். ஏழு வருஷமாக என் ஜெபப் புத்தகத்தில் இருந்தது. பின்பக்கம் உன் கையெழுத்து அப்படியே இருக்கிறது.

பிரதி எடுக்கவில்லை. ஜட்ஜுக்கு இது செல்லாது, அக்கா. அவர்கள் சட்டப் புத்தகத்தைப் பார்ப்பார்கள். நம்முடைய ஞானோபதேசத்தைப் பார்க்க மாட்டார்கள். இது உனக்கும் எனக்கும் எழுதியது. "மரண தண்டனை ஏற்றுக்கொள்ள முடியாதது" என்று திருச்சபை தன் பிள்ளைகளுக்குச் சொல்வது.

வேதம் மாறுமா என்று அன்றைக்குக் கேட்டாய். நீ கேட்டது தப்பான கேள்வி இல்லை. நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, "நாட்டை ஆளுகிறவர்கள் நியாயப்படி சாவுத் தீர்ப்பிடுவது பாவமல்ல" என்று ராகம் போட்டுப் படித்தவர்கள்தானே. அந்த விடையை நீ என்னைவிட நன்றாகச் சொல்லி, மேரி மாதா படம் பரிசு வாங்கினாய். அன்றைக்கு உனக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரியாது. ஆனால் தம்பியை நினைத்துப் பார்க்கிறேன்.

பெயர் வைப்பதற்கு முன்பே செத்துப்போன தம்பி. ஞானஸ்நானம் ஆகவில்லை என்று கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். ஞானஸ்நானம் ஆகாத குழந்தைகள் மோட்சத்துக்குப் போகாது, இருட்டும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல் ஓர் இடத்தில் இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் சுவருக்கு உள்ளே நின்று மெழுகுவத்தி கொளுத்தி, கையை மட்டும் வெளியே நீட்டி வைப்பாள். பிறகு சாமியார்கள் அப்படிச் சொல்வதை விட்டார்கள். குழந்தையைக் கடவுள் இரக்கத்திடம் ஒப்படைக்கலாம் என்றார்கள். பழைய சுவரை இடித்துப் பத்தடி தள்ளிக் கட்டினார்கள். அம்மாவுக்கு அப்போது எழுபது வயது. "எம்புள்ள உள்ள வந்துட்டான்டி" என்றாள். நீதான் திருத்தினாய், "அவன் வரலம்மா, சுவருதான் போச்சு" என்று.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. குழந்தை இருந்த இடத்திலேயே இருந்தது. நாம்தான் சுவரைத் தப்பான இடத்தில் கட்டியிருந்தோம்.

இனி எழுதப் போவது உனக்குக் கசக்கும். 2016ல் மேட்டுத்தெருக் குழந்தையைக் கொன்ற கமலக்கண்ணனைத் தூக்கில் போட வேண்டும் என்று நீ கோயில் வாசலில் முந்நூறு கையெழுத்து வாங்கினாய். முதல் கையெழுத்து உன்னுடையது. என்னையும் போடச் சொன்னாய், நான் மறுத்தேன். அதில்தான் நமக்குள் முறிந்தது. அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான். ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் எல்லாம் முடிந்து இப்போது கருணை மனு போட்டிருக்கிறான். அருள் இருக்கிற அதே கடப்பா ஜெயில். அவன் அம்மா ரத்தினம்மா புத்தலப்பட்டில் இருக்கிறாள். மனுவோடு வைப்பதற்கு அவனை அறிந்த ஊர்க்காரர்கள் கடிதம் தந்தால் நல்லது என்கிறார்கள். இதுவரை ஒருவரும் தரவில்லை. நீ தருவாயா?

தாளை எடுத்துக்கொள்கிறாய் என்றால் முழுதாக எடுத்துக்கொள், அக்கா.

சபீனா


சித்தூர்
4 ஆகஸ்ட்

பாப்பா,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். கமலக்கண்ணனையும் என் அருளையும் ஒரே தராசில் வைக்கிறாயா? அவன் செய்தது என்ன, இவன் செய்தது என்ன? இவனைக் கூட்டிக்கொண்டு போனவன் ஒருத்தன் இருந்தான். நான் சாகக்கிடந்தாலும் அந்த நாய்க்கு எழுதமாட்டேன் என்று எழுதி வைத்து, பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன்.

ஏன் கிழித்தேன் என்றால், நீ அனுப்பியதைப் படித்ததால்.

எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். மாண்பு என்று ஒரு வார்த்தை வந்தது. அஞ்சாவதில் அது இல்லை. ஹரிப்ரியாவைக் கேட்டேன்.

"மாண்புன்னா மதிப்பு ஆயா. பெருமைன்னு வச்சுக்கோ."

"பெரிய பெரிய குத்தம் பண்ணாலும் அது அழியாதுன்னு போட்டிருக்கே. கொலை பண்ணவனுக்குமா?"

"தாள்ல அப்படித்தான் இருக்கு ஆயா."

"எல்லாக் கொலைகாரனுக்குமா, இல்ல சில பேருக்கா?"

அவள் தாளை வாங்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பஸ் டைம் என்று நான் எழுதியதைப் படித்துச் சிரித்தாள். பிறகு என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "சில பேருன்னு எங்கியும் இல்ல ஆயா."

நானும் தேடினேன் பாப்பா. உன்னிடம் மறைக்கமாட்டேன். அருள் உள்ளே வருகிற அளவுக்கு, அந்தக் கமலக்கண்ணன் வெளியே நிற்கிற அளவுக்கு எங்கேயாவது ஒரு சந்து இருக்குமா என்று அந்தத் தாளில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தேடினேன். இல்லை.

இப்போது எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். நான் கையெழுத்து வாங்கியது 2016. போப்பாண்டவர் மாற்றியது 2018. அப்படியானால் நான் செய்தபோது அது பாவமில்லை, சரிதானே? இல்லை அப்போதும் பாவமாகத்தான் இருந்தது, யாருக்கும் தெரியவில்லையா? தெரியாமல் செய்ததற்கு என்ன தண்டனை? அருளுக்கு வந்ததுதான் அந்தத் தண்டனையா? "தூக்கு, தூக்கு" என்று மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நான் கோயிலைச் சுற்றி வந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது. பக்கத்தில் நடந்து வந்தான். நோட்டீஸ் கட்டு அவன் கையில்தான் இருந்தது. அந்தக் கத்தலைக் கேட்ட சாமி, சரி என்று என் வீட்டுக்கே அனுப்பிவிட்டாரா?

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் கதவைத் திறந்து உட்கார்ந்தார். சக்கரைக்கு மாத்திரை போடாமல் இருந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வக்கீல் சொன்னாராம், தேதி செப்டம்பர் 22.

அக்கா


திருப்பதி
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அருளுக்கு வந்தது உன் தண்டனை இல்லை. ஒருத்தி கத்தினாள் என்பதற்காக வேறொரு வீட்டில் இரண்டு பேரைச் சாகவிடுகிற சாமி நம்முடைய சாமி இல்லை. இதை மட்டும் நிச்சயமாகச் சொல்கிறேன்.

அன்றைக்குப் பாவமா, இல்லையா என்பது எனக்குத் தெரியாது. நீ நம்பிச் செய்தாய். அம்மாவும் நம்பித்தான் சுவருக்கு உள்ளே நின்றாள். சுவர் நகர்ந்த பிறகும் யாராவது பழைய இடத்தில் நின்றுகொண்டு கையை நீட்டினால்தான் எனக்கு வருத்தம்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளை 2018ல் உனக்கு அனுப்பியபோது நான் கமலக்கண்ணனை நினைக்கவே இல்லை. என் அக்காவை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கவரை ஒட்டும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. நீ திருப்பி அனுப்பியது நியாயம்தான்.

ஒன்று கேட்கிறேன். மூன்று கடிதம் எழுதிவிட்டாய். கூடப்போனவன் செய்த காரியம் என்கிறாய், மாட்டிக்கொண்டான் என்கிறாய். அருள் பில்டர் மாட்டிய வீட்டில் செத்துப்போனவர்களுக்குப் பெயர் இருக்கிறது. வரலட்சுமி, அறுபத்திரண்டு வயது. அவள் பேத்தி தேவசேனா, ஏழு வயது. உன் கடிதங்களில் அந்தப் பெயர்கள் ஒரு தடவைகூட இல்லை.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. 22ஆம் தேதியை நானும் காலண்டரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சபீனா


சேசு மரி சூசை துணை

சித்தூர்
25 ஆகஸ்ட் 2025

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் பூசைக்கு முன்னால் சாமியாரிடம் போனேன். செத்தவர்களுக்காக வேண்டுகிறபோது இந்த இரண்டு பெயரையும் படியுங்கள் என்று சீட்டைக் கொடுத்தேன். வரலட்சுமி, தேவசேனா என்று படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நம்ம பங்குல இவங்க யாரும்மா?" என்றார்.

"என் பேரன் கொன்னவங்க, சாமி."

அந்த வார்த்தை என் வாயில் அப்போதுதான் முதல் தடவையாக வந்தது. பூசையில் அவர் பெயரைப் படித்தபோது கோயிலில் இருந்த எல்லோரும் என் முதுகைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. தலையில் முக்காட்டை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு புத்தலப்பட்டுக்குப் போனேன். ஹரிப்ரியா துணைக்கு வந்தாள். ரத்தினம்மா மாம்பழக் கூழ் கம்பெனியில் பழம் வெட்டப் போகிறவள். ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். மாம்பால் பட்டு விரல் எல்லாம் வெந்து கிடந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ அந்த நோட்டீஸ்காரம்மா இல்ல? இன்னா, இன்னும் யாருக்குக் கையெழுத்து ஓணும்?"

"எனக்குத்தாம்மா."

"உன் பேரனும் அங்கதான் கீறானாமே. பேப்பர்ல வந்துதுன்னு சொன்னாங்க. சந்தோசப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் பூரா சந்தோசமா இருந்தேன்." கையைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த நாள் இல்ல."

உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நானும் போனேன்.

பாப்பா, அந்தச் சுவரில் நான் ஒன்று பார்த்தேன். பிளாஸ்டிக் கவர் போட்டு, சட்டம் போட்டு, கமலக்கண்ணன் படம். கீழே பூ. எங்கேயோ பார்த்த படமாக இருக்கிறதே என்று கிட்டே போனேன். தாள் மட்டமான தாள். மேலே சிவப்பில் ஒரு எழுத்து பாதி வெட்டுப்பட்டு நின்றது. என் நோட்டீஸ் அது. "தூக்கிலிடு" என்று மேலே பெரிதாகப் போட்டு நடுவில் அவன் படம் போட்டு அச்சடித்தேனே, அதிலிருந்து படத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறாள்.

"அத்த ஏன் அப்படிப் பாக்கிற? எம்புள்ள படம் வேற எங்கிட்ட இல்ல" என்றாள். "வீட்ட உடைச்சப்போ எல்லாம் எரிச்சிட்டாங்க. ரோட்டுல உன் நோட்டீஸ் கெடந்துது. எடுத்துக்கினு வந்தேன்."

ஒன்பது வருஷமாக அந்தப் பிள்ளையின் அம்மா என் நோட்டீசுக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். ஹரிப்ரியா எழுதுகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். என் கையாலேயே எழுதினேன். "2016ல் இவனைத் தூக்கில் போடச் சொல்லி முதல் கையெழுத்து போட்டவள் நான். செத்த குழந்தையை நான் மறக்கவில்லை. இவனைக் கொல்ல வேண்டாம் என்று இப்போது கேட்கிறவளும் நான்தான்." வேறென்ன எழுத? கீழே தனபாக்கியம், ஐந்தாம் வகுப்பு என்று போட்டேன். அதற்கு ஒரு முந்நூறு கையெழுத்து துணை இல்லை. ஒன்றுதான். அவள் அதை வாங்கிப் படிக்கவில்லை, அவளுக்குப் படிக்க வராது. நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நன்றி என்றும் சொல்லவில்லை. "புதங்கிழமை முலாகத். பஸ்ஸு காலீல அஞ்சரைக்கு" என்றாள். ஜெயிலில் போய்ப் பார்ப்பதற்கு அங்கே முலாகத் என்று பெயர்.

இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். ரேணிகுண்டா பக்கம் அவள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, "துன்னு. உள்ள போனா ஒண்ணும் எறங்காது" என்றாள். துன்னேன்.

அருளைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். மெலிந்துவிட்டான். காது மட்டும் பெரிதாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும், "ஆயா, நீ ஏன் வந்தே, அவ்ளோ தூரம்" என்று அதட்டினான். ஏதாவது பேச வேண்டுமே என்று கன்பர்மேஷன் கதையைச் சொன்னேன். ஆண்டவர் வருவார், வெள்ளைச் சட்டை தைக்க வேண்டும் என்று நான் நினைத்ததை எல்லாம் சொன்னேன். சிரித்தான் பாப்பா. கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வார்டன் திரும்பிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்படியே நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டான்.

"ஆயா. அந்தம்மா எனக்குத் தண்ணி கொடுத்தாங்க. பில்டர்ல வந்த மொதல் தண்ணி. நீயே குடிச்சிப் பாருன்னு கொடுத்தாங்க."

நான், கூடப்போனவன்தானே என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"நான்தான் ஆயா" என்றான்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் பெயரைக் கோயிலில் படித்தோம் என்று மட்டும் சொன்னேன். பிறகு கேட்டான், "நெஜமாவே அத்த இங்க பண்ணுவாங்களா? கன்பர்மேஷன்?"

"கேக்கறேன்டா."

"இப்பவும் அறைவாங்களா?"

"அதெல்லாம் எப்பவோ மாத்திட்டாங்கடா. நான்தான் பழசையே சொல்லிக்கினு இருந்தேன். எண்ணெய்தான் பூசுவாங்க, நெத்தியில."

"மாத்திட்டாங்களா" என்றான். கன்னத்தைத் தடவிக்கொண்டான். பதிமூன்று வயதில் டேங்க் மேல் உட்கார்ந்துகொண்டு தடவினானே, அதே மாதிரி. அதற்குள் டைம் ஆகிவிட்டது என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜெயிலுக்கு வருகிற சாமியாரிடம் சொல்லி நீ ஏற்பாடு செய். ஆண்டவர் வர முடியாவிட்டால் சாமியார் பூசலாமா என்றும் கேள். ஹைகோர்ட்டுத் தேதி 22. சொன்ன தேதியில் நடக்குமா, தள்ளிப்போகுமா, வக்கீலுக்கே தெரியவில்லை. இரண்டு கன்பர்மேஷனில் எது முதலில் வரும் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம், வயது இல்லை. கொடிக்கயிற்றை இன்னும் கட்டவில்லை. துணி மதில்மேல்தான் காய்கிறது.

இன்னொன்று. சிஸ்டர்கள் நீங்கள் முறையாக மனு கொடுத்தால் சூப்பிரண்டு அனுமதியோடு உள்ளே போட்டோ எடுக்கலாம் என்று வார்டன் சொன்னார். எனக்கு அருள் போட்டோ வேண்டும். ஆனால் அது அப்புறம் இருக்கட்டும். முதலில் கமலக்கண்ணனை ஒன்று எடு. தலை வாரி, நல்லதாக, இப்போது எப்படி இருக்கிறானோ அப்படி. தாமதம் பண்ணாதே, தபாலில் புத்தலப்பட்டு ரத்தினம்மாவுக்கு அனுப்பிவிடு. அவள் வீட்டுச் சுவரில் இருக்கிற அந்த நோட்டீஸ் படத்தை நான் கழற்றிவிட வேண்டும்.

உன் அக்கா
தனபாக்கியம்